24ஆம் தேதி சாயந்திரத்துக்கு முன்னால் வந்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. டிக்கெட் எடுத்துவிட்டதாக நீ அனுப்பிய செய்தியை அம்மா எனக்கு நாலு தடவை வாசித்துக் காட்டிவிட்டாள். பேரனுக்குக் குளிர்சட்டையும் காது மூடுகிற குல்லாவும் நேற்றே வாங்கியாகிவிட்டது. சிங்கப்பூரில் பிறந்த பிள்ளை, குளிர் என்றால் ஏசி என்று நினைத்துக்கொண்டிருப்பான் பாவம்.

"என்னென்ன பார்க்கலாம், லிஸ்ட் போட்டு அனுப்புங்கப்பா, இவருக்கும் காட்டணும்" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம். முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் விமானம் டிசம்பர் 24ஆம் தேதி, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, ஒன்பது மணிக்கு மேல் இங்கே நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் இறங்குகிறது. முடிந்தால் ஒரு நாள் முன்னால் மாற்றிக்கொள். கூடுதல் பணம் கட்டவேண்டியிருந்தால் நான் தருகிறேன். 24ஆம் தேதி சாயந்திரத்துக்கு முன்னால் நீங்கள் இங்கே இருக்கவேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி மார்ச்சில் இறந்துபோன செய்தியை உனக்கு அப்போதே சொன்னேன். நீ அவரை அபுவேலா என்றுதான் கூப்பிடுவாய். ஸ்பானிஷில் அதற்குப் பாட்டி என்று அர்த்தம் என்பதுகூடத் தெரியாமல், அதுதான் அவர் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாய். அவர் வீடு இப்போது காலியாக இருக்கிறது. வாசலில் விற்பனைப் பலகை நட்டிருக்கிறார்கள்.

1999 டிசம்பரில் நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது உனக்கு ஆறு வயது. அதற்கு முன்னால் மூன்று இடத்தில் வீடு கேட்டு, மூன்றிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த நாட்டில் நமக்குக் கடன் வரலாறு என்று ஒன்றுமே இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். நாலாவதாகக் கிடைத்தது இந்த வீடு. பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை, 24ஆம் தேதி வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்தே தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் பழுப்புக் காகிதப் பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ வியாபாரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருட்டியதும் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தெரு முழுக்க நடைபாதை ஓரத்திலும் மதில் மேலும் மொட்டைமாடி விளிம்பிலும் பைக்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கார்த்திகைத் தீபத்தை அமெரிக்காவில் பார்க்கிறோமா என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் விளக்கு, நம் வீட்டு வாசல் மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருட்டு.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டி ஒரு வாளியில் மணலும், கையில் பைக்கட்டுமாக வந்து நின்றார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் அன்றைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அனுமதியெல்லாம் கேட்கவில்லை அவர். பையின் வாயை ஓர் அங்குலம் வெளிப்பக்கமாக மடித்தார், அப்போதுதான் பை நிமிர்ந்து நிற்கும். உள்ளே இரண்டு கைப்பிடி மணல், அதன் நடுவில் குட்டை மெழுகுவத்தி. உன்னைக் கூப்பிட்டு உன் கையில் ஒரு பையைக் கொடுத்தார். இருபத்து நாலு பை வைத்தோம். அதில் ஒன்பதோ பத்தோ நீ மடித்தது, கோணலாக நின்றது.

மாப்பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல உனக்கு இது உதவும்: ஆல்புகெர்க்கியில் இதற்கு லூமினாரியா என்று பெயர். வடக்கே ஒரு மணி நேரம் தள்ளி சாந்தா ஃபேக்குப் போனால் இதையே ஃபரோலித்தோ, அதாவது குட்டி லாந்தர் என்பார்கள். அங்கே லூமினாரியா என்றால் பின்யோன் பைன் விறகைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கொளுத்துகிற சொக்கப்பனை. இரண்டு ஊர்க்காரர்களும் இதற்காகச் சண்டையே போடுவார்கள். பழையது அந்த விறகுத் தீதான். குழந்தை இயேசுவுக்கு வழிகாட்ட ஏற்றுவது என்று நம்பிக்கை. தட்டை அடி வைத்த காகிதப் பை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த விளக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது இரவுகள், 16 முதல் 24 வரை, லாஸ் போசாதாஸ் என்று ஒன்று நடக்கும். மேரியும் ஜோசப்பும் தங்க இடம் கேட்டு அலைந்த கதை. ஒரு கூட்டம் வீதியில் பாடிக்கொண்டே வந்து கதவைத் தட்டும். உள்ளே இருப்பவர்கள் இடமில்லை என்று பாட்டிலேயே பதில் சொல்வார்கள். அடுத்த வீடு, அங்கேயும் இல்லை. கடைசி வீட்டில்தான் கதவு திறக்கும், எல்லோருக்கும் சாப்பாடு. சாந்தா ஃபேயில் இதை ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றி ஓர் இரவு பெரிதாக நடத்துகிறார்கள். மாடியில் பிசாசு வேஷக்காரன் நின்று போ போ என்று கத்துவான். கீழே கூட்டம் அவனைப் பார்த்து ஊளையிடும். கடைசியில் 1610 வாக்கில் கட்டிய பழைய ஆளுநர் மாளிகையின் முற்றத்தில் கதவு திறந்து எல்லோரையும் உள்ளே விடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம் மூன்று வீடுகளும் நினைவுக்கு வந்தன. நீங்கள் வருவதற்குள் அது முடிந்திருக்கும். ஆனால் நம் பக்கத்துச் சர்ச்சில் கடைசி இரவு 24ஆம் தேதிதான். ஆறு மணிக்கு நம் தெரு வழியாக வருவார்கள்.

25ஆம் தேதி காலையில் டாவோஸ் புவெப்லோவுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். புவெப்லோ என்றால் இந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் ஊர் என்று மாப்பிள்ளைக்குச் சொல். இரண்டரை மணி நேரப் பயணம். சில வருஷம் வெளியாட்களை விடுவதில்லை, கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கிளம்பவேண்டும். பல நூறு வருஷமாக மக்கள் குடியிருக்கும் மண் வீடுகள், மாடி மேல் மாடியாக. 1992இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உனக்கு எட்டு வயதில் ஒரு 24ஆம் தேதி இரவு அங்கே போனோமே, ஞாபகம் இருக்கிறதா? சான் ஹெரோனிமோ கோயிலில் பூசை முடிந்து மாதா சிலையை வெள்ளைப் பந்தலின் கீழ் தூக்கி வந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய விறகுக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் பற்றி எரிந்தன. வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடித்தார்கள், நீ என் கோட்டுக்குள் புகுந்துகொண்டாய். பின்யோன் விறகுப் புகை வாசனை உன் தலைமுடியில் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் மான் ஆட்டம். உண்மையான மான் தலையையும் தோலையும் போர்த்துக்கொண்டு, கையில் இரண்டு குச்சிகளை முன்னங்கால்களாக ஊன்றி ஆடுவார்கள். ஆட்டம் நின்றதும் நீ கைதட்டப் போனாய். பக்கத்தில் நின்ற அந்த ஊர்க் கிழவி உன் இரண்டு கையையும் பிடித்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். திட்டவில்லை, முறைக்கவில்லை. கை சில்லிட்டிருக்கிறது என்று சொல்வதுபோலத் தேய்த்துவிட்டார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. அது பிரார்த்தனை பாப்பா, கச்சேரி இல்லை. நியூ மெக்சிகோவில் இப்படி 19 புவெப்லோக்கள் இருக்கின்றன, எங்கேயும் இதுதான் விதி. படம் எடுக்கக் கூடாது, கைதட்டக் கூடாது, போனை வெளியே எடுக்கவே கூடாது. மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவை, கேமராவைக் காரிலேயே வைத்துவிடட்டும்.

இந்த ஆட்டங்களை அந்தக் காலத்தில் இங்கே ஆட்சி செய்த ஸ்பானியர்கள் தடுத்தார்கள், பூசைப் பொருட்களை எரித்தார்கள். 1680இல் போப்பே என்ற தலைவரின் கீழ் புவெப்லோ மக்கள் ஒன்று சேர்ந்து ஸ்பானியர்களை இந்த மண்ணைவிட்டே விரட்டினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது பழைய கெடுபிடியோடு நடக்க முடியவில்லை. அப்புறம் 1920களில் அமெரிக்க அரசும் ஆட்டத்தைக் குறைக்கப் பார்த்தது. இத்தனைக்கும் பிறகு மாதா சிலையும் மான் ஆட்டமும் அந்த ஒரே முற்றத்தில் நடக்கின்றன. அங்கே நிற்க நம்மை விடுகிறார்களே, அதை நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

சாப்பாடு. தமாலே உனக்குத் தெரியும், சோள மாவைச் சோளத் தோகையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. போசோலே என்பது சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தோல் நீக்கிய சோளத்தை மிளகாயோடு வேகவைத்த கஞ்சி. இரண்டிலும் பன்றி இருக்கும், மாப்பிள்ளை சைவம் என்பதால் அம்மா தனியாகச் செய்வாள். சோம்பு போட்ட பிஸ்கோச்சித்தோவும் அப்படித்தான். 1989 முதல் அது இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ பிஸ்கட், ஆனால் கடையில் வாங்கினால் பன்றிக் கொழுப்பு. நம் வீட்டில் வெண்ணெயில் செய்வோம், ஏறக்குறைய நான்கட்டாய் மாதிரி வரும். ஓட்டலில் சிவப்பா பச்சையா என்று மிளகாய்க் குழம்பைக் கேட்டால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்லச் சொல், இரண்டும் வரும். பன்னிரண்டு மாதமும் அப்படிச் சொல்லலாம்.

பேரனுக்காக இரண்டு இடம் வைத்திருக்கிறேன். ஊர்த் தாவரவியல் பூங்காவில் ரிவர் ஆஃப் லைட்ஸ், 30ஆம் தேதி வரைக்கும் இருக்கும். விளக்கால் செய்த மிருகங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். உங்கள் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டு அலங்காரத்தைப் பார்த்த பிள்ளைக்கு அது புதிதாக இருக்குமோ இருக்காதோ. அதனால் நான் அதிகம் ஆசைப்படுவது இரண்டாவது இடத்துக்கு. தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் போஸ்கே தெல் அபாச்சே சரணாலயம். குளிர்காலம் முழுக்க சாண்ட்ஹில் கொக்குகளும் வெள்ளைப் பனி வாத்துகளும் ஆயிரக்கணக்கில் அங்கே தங்கியிருக்கும். சூரியன் எழும் நேரத்தில் தண்ணீரைவிட்டு மொத்தமாகக் கிளம்பும்போது அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். கோடிக்கரையில் தாத்தா என்னைத் தோளில் உட்காரவைத்துப் பூநாரை காட்டிய மாதிரி நான் அவனுக்கு இதைக் காட்டவேண்டும். முழங்கால் ஒத்துழைத்தால் தோளில் வைத்தே காட்டுவேன்.

அரிசோனாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஃபீனிக்ஸில் சித்தப்பா வீட்டுக்கு ஏழு மணி நேரம் காரில் போகவேண்டும். குழந்தையோடு இந்தத் தடவை வேண்டாம் என்பது என் எண்ணம். போனால் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்து ஊரான சாண்ட்லரில் ஒன்றை மட்டும் பார். காற்றில் வேரறுந்து உருண்டு வரும் காய்ந்த முட்செடிகளைச் சேர்த்துக் கட்டி, வெள்ளையடித்து, கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்துவார்கள். 1957இலிருந்து செய்கிறார்கள். நம் வேதாரண்யம் கடற்கரையில் ராவணன் மீசை உருண்டு ஓடுமே, அதைக் கட்டி மரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. பைன் மரம் வளராத பாலைவனத்தில் கிடைத்ததைக் கொண்டு பண்டிகை கொண்டாடியிருக்கிறார்கள். டூசானில் விண்டர்ஹேவன் என்று ஒரு குடியிருப்பு, 1949இலிருந்து தெரு முழுக்க விளக்குப் போடுகிறது. பார்க்க வருகிறவர்கள் ஏழைகளுக்காக உணவுப் பொருள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சித்தப்பா போட்டோ அனுப்புவான்.

போன டிசம்பரில் நானும் அம்மாவும் நம் மாநிலத்தின் தெற்கே லாஸ் குருசெஸ் பக்கம் தோர்துகாஸ் என்ற ஊருக்குப் போனதைச் சொன்னேனா? குவாதலூப்பே மாதா திருநாள் 12ஆம் தேதி. முந்தின நாள் விடியலில் ஜனங்கள் மலையேறுவார்கள், சிலர் வெறுங்காலோடு. மேலே உட்கார்ந்து பகல் முழுக்க ஊன்றுகோல் முடைந்துவிட்டு, இருட்டியதும் மலைச்சரிவில் தீ மூட்டி இறங்குவார்கள். அம்மா கீழேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். நாகப்பட்டினம் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு உன் பாட்டி மோர் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்டியின் மகன் எல் பாஸோவில் இருக்கிறார். போன வாரம் அவருக்குப் போன் செய்தேன். "24ஆம் தேதி உங்கள் அம்மா வீட்டு வாசலிலும் விளக்கு வைக்கலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், மணல் வாளி பின்பக்கக் கொட்டகையில் இருக்கிறது, சாவி எங்கே என்று உங்களுக்குத் தெரியுமே என்றார்.

எடுத்து வந்துவிட்டேன். அதே வாளி, கைப்பிடியில் அவர் சுற்றிய நீலத்துணிகூட இருக்கிறது. நூறு பை, நூறு மெழுகுவத்தி வாங்கியாயிற்று. இரண்டு வீட்டு மொட்டைமாடிக்கும் மாப்பிள்ளைதான் ஏறவேண்டும், எனக்கு இனி ஏணி வேண்டாம் என்று அம்மா உத்தரவு. பை மடிக்கிற வேலை உன் பிள்ளைக்கு. கோணலாக நின்றால் நிற்கட்டும், யாரும் திருத்தவேண்டாம்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஐந்துக்குள் ஏற்றிவிடலாம். ஆறு மணிக்குப் போசாதா வரும். டிக்கெட்டை மாற்றியதும் செய்தி அனுப்பு. நல்லெண்ணெயும் அப்பளமும் அம்மாவுக்கு, மறக்காதே.

அன்புடன்,
அப்பா