ரிலே லாக் பழுதும் பதினொரு நாள் அலைக்கழிப்பும்: புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். மதுரையில் ஒரு மொத்த மருந்துக் கடையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துவருகிறேன். எங்கள் மை எஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ் நான்கு வருடமாக உங்கள் பராமரிப்பில் இருக்கிறது. பில் எல்லாம் மாஸ்டர் என்ற மூல சர்வரில் ஏறும். லைனுக்குப் போகும் பையன்கள் ஃபோனில் பார்க்கும் இருப்புக் கணக்கு அதன் நகலாக ஓடும் ரெப்ளிக்கா சர்வரிலிருந்து வரும். அமைத்துக் கொடுத்ததே நீங்கள்தான்.

3ஆம் தேதி இரவு உங்கள் இடத்தில் கரண்ட் போய் ரெப்ளிக்கா சர்வர் நின்று, திரும்ப எழுந்தது. காலையில் பார்த்தால் 13121 என்ற பிழை, அதாவது ரிலே லாக்கைப் படிக்க முடியவில்லை. ஏழு மணிக்கே உங்களிடம் புகார் டிக்கெட் போட்டேன். இன்று 14ஆம் தேதி.

ரிலே லாக் என்பது, மாஸ்டரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் பைனரி லாக்கிலிருந்து ரெப்ளிக்கா இழுத்து வைத்த நகல்தானே ஐயா? நகல் கெட்டால் அசல் இருக்கிறது. எதுவரை ஓடி முடிந்தது என்று ரெப்ளிக்காவின் ஸ்டேட்டஸிலேயே இருக்கிறது: ரிலே மாஸ்டர் லாக் ஃபைல், எக்ஸெக் மாஸ்டர் லாக் பொசிஷன். ரெப்ளிகேஷனை, அதாவது இந்த நகலெடுப்பை, நிறுத்தி, அந்த இரண்டையும் கொடுத்து ஓடவிட்டால், கெட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை. முதல் டிக்கெட்டிலேயே அந்த இரண்டு வரிகளையும் ஒட்டி அனுப்பினேன். எங்களுக்கு அனுமதி இருந்திருந்தால் நானே முடித்திருப்பேன்.

உங்கள் ஆள் என்ன செய்தார்? மாஸ்டர் அந்த நேரத்தில் எங்கே இருந்ததோ அந்த இடத்தைக் கொடுத்து ஓடவிட்டார். தாமதம் 0 என்று காட்டியது. உடனே டிக்கெட்டை மூடிவிட்டார். நடுவில் எழுதிய பில்களெல்லாம் ரெப்ளிக்காவுக்குப் போகவே இல்லை. ஃபோன் செய்து கேட்டதற்கு, "சார், பச்சை விளக்கு எரியுதுல்ல? அப்புறம் என்ன? டேட்டாபேஸ் பார்க்கிறது நீங்களா நாங்களா?" என்றார். அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேளுங்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

மறுநாள் மேலூரிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் இன்சுலின் வாங்க ஆள் அனுப்பினார், ஐஸ் பெட்டியோடு. ஃபோனில் 40 குப்பி இருப்பு காட்டியது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை. முந்தின நாளே விற்றுவிட்டது, அந்த பில்தான் ரெப்ளிக்காவில் இல்லை. அந்தப் பையன் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியதை வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் கடையின் பெயரே போய்விட்டது ஐயா. முதலாளி என் முகத்தைப் பார்த்துப் பேசியே ஒரு வாரம் ஆகிறது.

"ஆபீஸுக்கு நேரில் வாங்க, டெக்னிக்கல் டீமோடு உட்கார்ந்து பேசலாம்" என்று நீங்கள்தான் மெயில் அனுப்பினீர்கள். ராத்திரி பஸ் ஏறி, சென்னை கிளாம்பாக்கத்தில் இறங்கி, ஒன்பது மணிக்கு உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்தேன். கையில் 14 பக்கம் பிரிண்ட். பன்னிரண்டரைக்கு இன்டர்காமில் ஒரு குரல்: "டெக்னிக்கல் டீம் கஸ்டமரைப் பார்க்க மாட்டாங்க, டிக்கெட்ல போடுங்க." மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வரவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்த பிரிண்டை அப்படியே எடுத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்பினேன்.

இதற்கு முன்பே, 6ஆம் தேதி, 1032 பிழை வந்து ரெப்ளிகேஷன் நின்றது. இல்லாத வரியைத் திருத்தச் சொன்னால் அது நிற்காமல் என்ன செய்யும்? உங்கள் ஆட்கள் நின்ற மாற்றங்களை ஒவ்வொன்றாக ஸ்கிப் செய்து தாண்டினார்கள். ஒவ்வொரு ஸ்கிப்பிலும் இன்னும் கொஞ்சம் கணக்கு போனது. கடைசியில் ஒரு நல்ல மனிதர் பழைய இடத்துக்கே திருப்பிப் பார்த்தார். 1236 பிழை வந்தது, அதாவது கேட்ட பைனரி லாக் மாஸ்டரில் இல்லை. பைனரி லாக்கை 2 நாளில் அழியும்படி வைத்திருக்கிறீர்கள்! 8.0இல் தானாகவே 30 நாள் இருக்கும். அதைக் குறைத்தது யார்? எங்களை ஏன் கேட்கவில்லை?

இப்போது ரெப்ளிக்காவை முழுதாகத் திரும்பக் கட்ட தனிக் கட்டணம் என்கிறீர்கள். ஒரு பைசா தர மாட்டோம். சர்வர் விழுந்தது உங்கள் இடத்தில், தவறான இடத்தைக் கொடுத்தது உங்கள் ஆள்.

நாங்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மாஸ்டரிலிருந்து புதிய பேக்கப் எடுத்து ரெப்ளிக்காவைக் கட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் செக்சம் (உள்ளடக்கத்தை ஒப்பிட உதவும் எண்) எடுத்து இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று காட்டுங்கள். ரிலே லாக் ரெக்கவரியை ஆன் செய்து வையுங்கள், அது ஆனில் இருந்திருந்தால் அன்று சர்வர் எழுந்தபோதே தானாகச் சரியாகியிருக்கும். பைனரி லாக் 15 நாளாவது இருக்கட்டும். இந்த மாதக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். என்னிடம் அப்படிப் பேசியவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும், அதை நான் விடுவதாக இல்லை.

ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். டிக்கெட்டுகளும் மெயில்களும் தேதிவாரியாக ஃபைலில் இருக்கின்றன. நான்கு வருடம் ஒழுங்காகப் பணம் கட்டிய வாடிக்கையாளரை அதுவரை போகவிட மாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். அந்த 14 பக்கத்தையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை