முறைப்பாடு: சேர்வர் மாற்றத்தால் முடங்கிய இணையக்கடையும் அழிந்துபோன தமிழ்ப் பதிவுகளும்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

பருத்தித்துறைப் பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் எல்லாம் செய்து இணையத்தில் விற்கிறார்கள். அந்தக் கடையின் தளத்தை எழுதியதும் பராமரிப்பதும் நான்தான். யாழ்ப்பாண நகரிலிருந்து இந்த வேலையைச் செய்கிறேன். தளம் உங்கள் ஹோஸ்டிங்கில் இருக்கிறது. இந்த ஆண்டுக்கான கட்டணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து நிற்கிற, திரும்பும்போது கொண்டுபோகவென்று ஓடர் குவிகிற நேரம் பார்த்துத் தளம் விழுந்தது. விழுத்தியது உங்கள் சேர்வர் மாற்றம். அதைப் பற்றி ஒரு மின்னஞ்சல்கூட எங்களுக்கு வரவில்லை.

தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. பழைய சேர்வரில் அதன் 8.1 பதிப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இரவோடு இரவாக வேறொரு சேர்வருக்கு மாற்றியிருக்கிறீர்கள். காலையில் எல்லாப் பக்கமும் 500 என்ற சேர்வர் பிழையைக் காட்டியது. பிழைப் பதிவைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: ட்ரைவரைக் காணவில்லை. தரவுத்தளங்களோடு பேசுவதற்குப் பிஎச்பியில் உள்ள பொதுவான பகுதியான பிடிஓ இருக்கிறது, ஆனால் அது எங்கள் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லோடு பேசுவதற்கான இணைப்பு மென்பொருள், அதாவது ட்ரைவர், ஏற்றப்படவில்லை என்பதுதான் இதன் பொருள். கடவுச்சொல் பிழையென்றால் தரவுத்தளம்வரை போய் மறுக்கப்பட்டிருக்கும். இது அந்த வாசல்வரைக்கும் போகவே இல்லை. சேர்வரில் இல்லாத ட்ரைவரை எங்கள் நிரல் எப்படிக் கொண்டுவரும்?

இதை அப்படியே எழுதி அனுப்பினேன். "ட்ரைவர் இருக்கிறது, உங்கள் நிரலைச் சரிபாருங்கள்" என்று பதில் வந்தது. ஆதாரமாக, டெர்மினலில், பிஎச்பியில் ஏற்றப்பட்டவற்றைப் பட்டியலிடும் 'பிஎச்பி -எம்' கட்டளையை ஓட்டி எடுத்த படம் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். படத்தில் ட்ரைவரின் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் டெர்மினலில் ஓடிய பிஎச்பி வேறு, பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சி வழியாகத் தளத்துக்குக் கிடைத்த பிஎச்பி வேறு. டெர்மினலில் இருந்தது 8.1. தளத்துக்குக் கிடைத்தது, பிஎச்பியைப் பின்னணியில் ஓட்டும் எஃப்பிஎம் வழியாக ஓடும் 8.3. இரண்டுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு, தனித்தனி எக்ஸ்டென்ஷன் (ட்ரைவர் போன்ற கூடுதல் பகுதிகள்) பட்டியல். ஒன்றில் ட்ரைவர் இருப்பது மற்றதற்குச் சாட்சி ஆகாது. தளத்துக்குக் கிடைக்கும் பிஎச்பியின் அமைப்பைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தை உலாவியில் திறந்து படம் எடுத்து அனுப்பினேன். 'பிடிஓ ட்ரைவர்கள்' என்ற வரிக்கு எதிரே வேறொரு தரவுத்தளத்தின் பெயரான 'எஸ்கியூலைட்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க உங்கள் பணியாளருக்கு ஒரு நிமிடம் போதும். பார்த்திருந்தால் விஷயம் அன்று காலையிலேயே முடிந்திருக்கும்.

பிறகு எக்ஸ்டென்ஷனை இயக்கிவிட்டதாகச் சொன்னார்கள். பிழை அப்படியே நின்றது. எஃப்பிஎம்மை மறுதொடக்கம் செய்யாமல் அந்த மாற்றம் ஏறாது. அதையும் நான்தான் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

இதுவரை நடந்ததை ஒரு பெரிய தடங்கல் என்று எடுத்துக்கொண்டு நாங்கள் பொறுத்திருப்போம். அடுத்து நடந்ததைப் பொறுக்க முடியாது. நான் மறுதொடக்கம் பற்றி எழுதிக்கொண்டிருந்த நேரத்திலேயே, உங்கள் பணியாளர் ஒருவர் எங்களைக் கேட்காமல் எங்கள் அமைப்புக் கோப்பைத் திறந்து, தரவுத்தள இணைப்பு வரியைத் தன்பாட்டில் திருத்தியிருக்கிறார். அந்த வரியில், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று எழுத்துமுறையைக் குறித்திருந்தோம். அது போய்விட்டது. அப்படிக் குறிக்காவிட்டால், சேர்வர் எதைச் சொல்கிறதோ அதைத்தான் ட்ரைவர் எடுத்துக்கொள்ளும். உங்கள் புதிய சேர்வரின் இயல்பு எழுத்துமுறை லத்தீன்1 என்று வைக்கப்பட்டிருந்தது. லத்தீன்1 மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது, அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே தரவுத்தளத்தில் சரியாக இருந்த தமிழ் முழுவதும் தளத்தில் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தது. 'ஒடியல் மா' இருந்த இடத்தில் எட்டுக் கேள்விக்குறிகள்.

தளம் திரும்ப வந்துவிட்டது என்று நம்பி, கடையிலுள்ள ஒரு தங்கச்சி சில பொருட்களின் விலையை மாற்றிச் சேமித்தார். விலையோடு அந்தப் பொருட்களின் விவரமும் கேள்விக்குறிகளாகவே தரவுத்தளத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பின் வந்த ஓடர்களில் பெயரும் முகவரியும் வேறு மாதிரிக் கெட்டிருக்கின்றன: மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று வரிவரியாக. யூடிஎஃப்8எம்பி4இல் தமிழ் எழுத்தும் அதன் குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக இருப்பதால், அந்தப் பைட்டுகளைத் தனித்தனி லத்தீன் எழுத்தென்று எண்ணிச் சேமித்ததன் விளைவு அது. ஓடர்களை நான் மீட்டுவிடுவேன், பைட்டுகள் உள்ளே இருக்கின்றன. கேள்விக்குறியாகப் போனதற்குள் ஒன்றுமே இல்லை. எந்த மாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம், கூழுக்கு எப்படிக் கரைப்பது என்று அந்தப் பெண்கள் தங்கள் சொல்லிலேயே எழுதித் தந்த குறிப்புகள் அவை. வேறு பிரதி எங்களிடம் இல்லை.

ஆகவே முதலில் வேண்டியது, மாற்றத்துக்கு முந்தைய நாளின் பேக்கப், அதாவது காப்புப் பிரதி. அதை இப்போதைய தரவுத்தளத்தின் மேல் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் பிறகு வந்த ஓடர்கள் அழிந்துபோகும். தனியாக ஒரு புதிய தரவுத்தளத்தில் போட்டு அணுகல் தாருங்கள், பொருள் விவர அட்டவணையை நானே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கோப்பைத் திருத்தியது யார், எந்த அனுமதியில் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். தளம் முடங்கியிருந்த காலத்துக்கான கட்டணத்தையும் கழித்துத் தர வேண்டும்.

இனி சேர்வர் மாற்றுவதானால், பிஎச்பி எந்தப் பதிப்பு, எந்தெந்த எக்ஸ்டென்ஷன், மைஎஸ்கியூஎல் எந்தப் பதிப்பு, அதன் இயல்பு எழுத்துமுறை என்ன என்பதை முன்னரே அறிவித்து, சோதித்துப் பார்க்க ஓர் இடமும் தாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0 வந்தது 2018இல். கடவுச்சொல் சரிபார்க்கும் இயல்பு முறையே அதில் மாறியது. பழைய ட்ரைவர்கள் அதைப் புரியாமல் இணைய மறுத்தன. பதிப்பு மாறினால் ட்ரைவர் முறுகும் என்பது ஹோஸ்டிங் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி.

பிழைப் பதிவின் பகுதியும், பிஎச்பிஇன்ஃபோ படமும், உங்கள் பணியாளரின் பதில்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பேக்கப்புகள் பழையதாகி அழிக்கப்படுவதற்கு முன், அதாவது இந்தக் கிழமைக்குள், முதல் கோரிக்கையையாவது நிறைவேற்றுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவோம்.

இப்படிக்கு,
தளப் பராமரிப்பாளர்,
யாழ்ப்பாணம்.