ட்வென்டிநைன் பாம்ஸ் வீடு: பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. கொருக்குப்பேட்டை சமாச்சாரம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, உன் பெரியப்பாவை உனக்குத் தெரியாதா. கலிபோர்னியா பாலைவனத்து ட்வென்டிநைன் பாம்ஸில் இரண்டாவது வீடாக வாங்கப்போகிறேன் என்று நீ அனுப்பிய வீட்டுக் காகிதங்களை அண்ணன் பிரின்ட் எடுத்துக் கொடுத்தான். வரி விடாமல் படித்தேன். போனில் பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பாலைவன ஊரில் குழாய் வேலை பார்த்தவன் சொல்கிறேன், நிதானமாகப் படி.

மாப்பிள்ளை அந்த வீட்டைப் பார்த்தாரா? காகிதத்தில் அவர் பெயரை எங்கேயும் காணோம். அது இருக்கட்டும், முதலில் தண்ணீர் விஷயம்.

இரண்டாவது வீடு என்றால் பாதி நாள் பூட்டியே கிடக்கும். அந்த ஊரில் பூட்டிய வீட்டைக் கெடுப்பது வெயில் மட்டும் இல்லை, காற்றின் வறட்சியும்தான். வாஷ்பேசின், ஷவர், கிச்சன் சிங்க் ஒவ்வொன்றின் அடியிலும் வளைந்த ட்ராப் இருக்கும். அந்த வளைவில் இரண்டு அங்குலமாவது தண்ணீர் நின்றால்தான் செப்டிக் டேங்க் வாடை மேலே ஏறாது. நம்ம கடற்கரைக் காற்றில் அது வற்ற நாளாகும். அங்கே சில வாரத்தில் வற்றிவிடும். பிறகு நாற்றம் வரும், கரப்பானும் அதே வழியில் ஏறி வரும். கிளம்பும்போது ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அதன்மேல் நாலைந்து ஸ்பூன் மினரல் ஆயில் விடு. எண்ணெய் மேலே படலமாக நிற்கும், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. சமையல் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும்.

மெயின் வால்வை நீயே கையால் மூடித் திறந்து பார். பழைய கேட் வால்வு என்றால் பாதியில் சிக்கும், இல்லாவிட்டால் மூடிய பிறகும் கசியும். உள்ளே உருண்டை வைத்த பால் (ball) வால்வாக மாற்றித் தரச் சொல்லி விற்பவரிடம் கேள். பூட்டிய வீட்டில் டாய்லெட் டேங்குக்குப் போகும் ஹோஸ் ஒன்று விட்டுப்போனால் போதும், அடுத்த முறை நீ போகிறவரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் அங்கே தண்ணீர் உறையும் குளிர் வரும். வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து விரிசல் விடும். மறுநாள் வெயிலில் உருகி ஒழுகும்போதுதான் தெரியும். அதனால் வால்வை மூடியதும், இருப்பதிலேயே தாழ்வான குழாயைத் திறந்து முழுவதும் வடித்துவிடு. மாப்பிள்ளைக்கு இந்த வேலை நன்றாக வரும். அவர் கூட வருவாரா, நீ மட்டும்தான் போய் வருவாயா?

கூரைமேல் இருக்கும் பெட்டியை ஏசி என்று நினைத்துவிடாதே. போட்டோவில் பக்கவாட்டில் தண்ணீரில் நனையும் பேட் (மெத்தை) தெரிகிறது, அது தண்ணீர்க் கூலர். மே, ஜூன் வறண்ட வெயிலுக்கு அருமையாக வேலை செய்யும், கரண்டும் கம்மி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தெற்கே இருந்து ஈரக்காற்று ஏறி இடிமழை வரும் நாட்களில் அது படுத்துவிடும். அந்த ஊரில் கோடையில் 40 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். படுக்கையறைக்காவது ஸ்பிளிட் ஏசி போட்டே ஆகவேண்டும். தண்ணீரில் உப்பு இருந்தால் பேட் கல்லாகிவிடும், வருஷம் ஒருமுறை மாற்று. குளிர்காலம் வருமுன் கூலருக்குப் போகும் கால் அங்குலக் குழாயை வடித்து வை, முதலில் உறைந்து வெடிப்பது அதுதான்.

ஒரு படுக்கையறை என்றுதான் போட்டிருக்கிறது. நாங்கள் வந்தால் எங்கே படுப்போம் என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து காட்டச் சொல். புதைத்து வைத்திருக்கிறோம் என்று சொன்னால் தோண்டச் சொல், திறக்காமல் வாங்காதே. அடியில் சகதி எவ்வளவு உயரம், வெளியே போகும் இடத்தில் உள்ள T வடிவக் குழாய் உடையாமல் இருக்கிறதா, இரண்டும் பார்க்க வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது, கடைசியாக எடுத்த ரசீதைக் கேள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தின்மேல் கார் நிறுத்தியிருந்தால் அடியில் குழாய் நசுங்கியிருக்கும். வேலியோரம் டாமரிஸ்க் மரம் வைத்திருந்தால் இன்னும் கவனம். காற்றுத் தடுப்புக்காக அந்தப் பக்கம் நட்டிருப்பார்கள், வேர் ஈரத்தைத் தேடிக் குழாய்க்குள் புகுந்துவிடும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்.

வீட்டுக்குப் பின்னால் மணல் ஓடை இருக்கிறது. வருஷம் பூராவும் வறண்டு கிடப்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள். மலையில் பெய்த மழை, உன் வீட்டில் ஒரு சொட்டு விழாமலேயே, ஒரு மணி நேரத்தில் அதில் வெள்ளமாக வரும். சுவரின் அடியில் மண் கோடு இருக்கிறதா, வேலியில் சருகும் குச்சியும் ஒரே மட்டத்தில் சிக்கியிருக்கிறதா பார். ஃபீமா என்ற அமெரிக்கப் பேரிடர் துறையின் வெள்ள வரைபடத்தில் அந்த மனை எந்த மண்டலம் என்று கேள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது, நிலநடுக்கத்துக்கும் தராது. இரண்டும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 1992 ஜூன் 28 அன்று லாண்டர்ஸில் 7.3 அளவில் குலுங்கியது அந்த ஊரிலிருந்து தூரம் இல்லை. வாட்டர் ஹீட்டரை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பட்டையால் சுவரோடு கட்டியிருக்க வேண்டும், அது அங்கே சட்டம். பழைய வீடு என்பதால் சுவர் அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.

ரொம்ப நாள் பூட்டிவிட்டுப் போய்த் திறந்தால், எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கிவிடாதே. அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் எலி பரப்பும் ஹன்டா வைரஸ் நுரையீரலைப் பிடிக்கலாம். கதவைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்து எடு. குழாய் நுழையும் ஓட்டைகளில் எல்லாம் இரும்பு நார் திணி. பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் தனியாகச் செய்யாதே.

நம்ம தெருவில் தன் சம்பளத்தில் வீடு வாங்கிய முதல் பெண் நீ. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். ஆனால் பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தில் நீ மட்டும்தான் இருந்தாய், அதையும் அம்மாவும் நானும் பார்த்தோம்.

பத்திர விஷயம். எஸ்க்ரோ (வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் நடுவில் பணத்தையும் பத்திரத்தையும் வைத்திருப்பவர்) தாளில் உன் பெயருக்குப் பக்கத்தில் ‘மணமான பெண், தனிச் சொத்தாக’ என்று எழுதியிருக்கிறது. கலிபோர்னியாவில் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்த பணத்தில் வாங்கும் சொத்து பொதுவாக இருவருக்கும் சேர்ந்ததுதான். உன் பெயரில் மட்டும் வர வேண்டும் என்றால், நம்ம ஊர் விடுதலைப் பத்திரம் மாதிரி ஒன்றில் மாப்பிள்ளை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அதை வாங்காமல் விடாது. அவரிடம் பேசிவிட்டாயா? அவர் போட ஒத்துக்கொண்டாரா?

லோன் படிவத்தில் முதன்மை வீடா, இரண்டாவது வீடா, வாடகைக்கு விடுவதா என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டாவது வீடு என்றால் கையிலிருந்து 10 சதவீதமாவது போட வேண்டியிருக்கும், வட்டியும் கூட. பொய்யாகப் போட்டால் அது மத்தியச் சட்டப்படி குற்றம். சொத்து வரி, வாங்கிய விலையில் சுமார் ஒரு சதவீதமும் உள்ளூர் வரிகளும். 1978-இல் வந்த சட்டப்படி மதிப்பை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. வாங்கிய சில மாதத்தில், பழைய மதிப்புக்கும் புது மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் துணை வரி பில் ஒன்று தனியாக உன் பெயருக்கே வரும், பேங்க் கட்டிவிடும் என்று இருந்துவிடாதே. இன்சூரன்ஸில் 30 நாள் அல்லது 60 நாள் தொடர்ந்து ஆள் இல்லாவிட்டால் சில நஷ்டங்களுக்குப் பணம் வராது என்று ஒரு ஷரத்து இருக்கும், அதைத் தேடிப் படி.

அந்தக் கட்டத்தில் எது உண்மையோ அதைப் போடு பாப்பா. நீ அங்கேயே குடியிருக்கப் போகிறாய் என்றால் முதன்மை வீடு என்றே போடு. கையிலிருந்து போடும் பணம் குறையும், சொத்து வரி போடும் மதிப்பில் 7,000 டாலர் கழிவு கிடைக்கும், இன்சூரன்ஸ் ஷரத்தும் உன்னைத் தொடாது. மேலே நான் எழுதியதில் பாதி, எண்ணெய் விடுவதும் வடிப்பதும், தேவையே இருக்காது. அப்போது பார்க்க வேண்டியது வேறு. கூலரை நம்பாமல் வீடு முழுவதுக்கும் ஏசி, நல்ல பூட்டு, கூப்பிட்டால் வரக்கூடிய அக்கம்பக்கம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது. எந்த வீடு என்று தெரியாமல் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுது. அப்பா கோபப்பட மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

ஆய்வுக்கு வழக்கமாக 17 நாள் தருவார்கள். அதற்குள் விலகினால் முன்பணம் திரும்ப வரும். அறிக்கை வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. அம்மாவுக்கு விசா இன்னும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் டிக்கெட் போட்டுவிடுவான். படுக்கையறை ஒன்றாக இருந்தாலும் பரவாயில்லையாம், ஹாலில் படுத்துக்கொள்கிறாளாம்.

அன்புடன்,
அப்பா