தொப்பி தைத்தவருக்கும் தாடி எடுக்க மறுத்தவருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியை நான்கு பகுதித் தொடராக எடுக்கிறேன் என்று கிளம்பியபோது என் கையில் இருந்தது ஒரு கதையும் கொஞ்சம் கடனும்தான். கடைசிப் பகுதி போன வாரம் ஒளிபரப்பாகிவிட்டது. முடிவில் பெயர்கள் ஓடிய வேகத்தில் யாராலும் படித்திருக்க முடியாது. அதனால்தான் இந்த மடல். பெயர் போடாதே என்று பாதிப்பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப்பேரைப் போட்டால் சண்டை வரும். ஆகவே யார் பெயரும் இல்லை, அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி ஆம்பூர் பாய்க்கு.

1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டையில் கம்பெனிச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். தீப்பொறி என்னவோ உடுப்புதான். அதற்கு முந்தைய நவம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது: நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, மீசையைக் கத்தரிக்க வேண்டும். பிறகு புதுத் தலைப்பாகை வந்தது. பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி, அதில் தோலில் ஒரு குஞ்சம். அது மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்று பட்டாளம் முழுக்கப் பேச்சு. தொப்பி தப்பானால் இந்தக் கதையே இல்லை. ஆனால் உடுப்பு வாடகைக்கு விடும் இடத்தில் எங்களுக்குக் கட்டிக்கொடுத்தது காக்கிச் சட்டையும் பூட்ஸும். பட்டாளத்துக்குக் காக்கி வர இன்னும் நாற்பது வருஷம் இருக்கிறது என்றேன். "டிவியில அவ்ளோ கிட்டவா காட்டப்போறீங்க?" என்றார்கள்.

கிட்டத்தான் காட்டினோம், பாய். நீங்கள் ஏழு தடவை வெட்டிப் போட்ட குஞ்சம் அது. ஆறாவது எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள்தான் ஒப்பவில்லை. "தம்பி, இது பூ மாதிரி அழகா இருக்கு. இதுக்கு எவன் சண்டைக்குப் போவான்? பாத்ததும் உறுத்தணும்" என்றீர்கள். எந்தத் தோல் என்று நடிப்பவர்களிடம் சொல்லாதே என்றும் சொல்லியனுப்பினீர்கள். முதல் நாள் தொப்பியைக் கொடுத்ததும் ஒரு பையன் மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் குசுகுசுவென்று ஏதோ கேட்டான். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது பேருக்கும் அதே கேள்வி. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை எடுத்த காட்சியில் அவர்கள் முகத்தைப் பாருங்கள், ஒருவரும் நடிக்கவில்லை.

குடியாத்தம் அக்காவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். மேலே சிவப்புக் கோட்டு, கீழே தொடையளவு அரைக்கால் சட்டை, காலில் செருப்பு. அன்றைய மதராஸ் சிப்பாயின் உடுப்பு அதுதான் என்று நான் அடித்துச் சொன்னாலும், பையன்கள் சிரித்த சிரிப்பில் நீங்கள் உங்கள் தையலைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. தையலில் ஒரு குறையும் இல்லை, அக்கா.

அடுத்து, ஆட்டோ ஓட்டும் அந்தத் தம்பி. சவரக் காட்சிக்கு நாவிதரோடு கேமரா தயார். உட்காருங்கள் என்றேன். "எடுக்க மாட்டேன் சார், வேற ஆள் பாத்துக்கோங்க" என்றார். ஒப்பந்தத்தில் இருக்கிறதே, சம்பளம் பேசியாயிற்றே என்று நானும் குரலை உயர்த்தினேன். யூனிட்டே கம்மென்று ஆகிவிட்டது. யாரோ மெதுவாக, "கரெக்டா கர்னல் மாதிரியே பேசுறீங்க சார்" என்றார்கள். அவமானமாக இருந்தது. அந்த ஆண்டு மே மாதமே வேலூரில் ஒரு பிரிவு புதுத் தலைப்பாகையை அணிய மறுத்தது, சிலரைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள், கசையடி விழுந்தது. அந்த வரிசையில் தம்பியைத் தாடியோடு நிறுத்தினோம். வசனம் கிடையாது. தொடரில் எனக்குப் பிடித்த ஷாட் அதுதான்.

வாத்தியார் ஐயா, உங்கள் சிவப்பு மைக்கு எப்படி நன்றி சொல்வது! இரவுக் காட்சிக்கு ஆர்ட் ஆட்கள் அரிக்கன் விளக்கை மாட்டியிருந்தார்கள். "மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது?" என்று ஒரே கேள்வி, தீவட்டிக்கு மாறினோம். பிரிட்டிஷ் கொடியில் மூலைக்கு மூலை ஓடும் சிவப்புக் கோடுகள் 1801-ல்தான் சேர்ந்தன, உன் கதைக்கு அது பொருந்தும், அதற்கு முந்தைய காலத்துக் கட்டபொம்மன் நாடகத்துக்கு இதே கொடியை இரவல் கொடுத்துவிடாதே என்றீர்கள். வெள்ளைக்காரத் துரை கொச்சைத் தமிழில் உறுமும் வசனத்தையெல்லாம் அடித்துவிட்டு, ஓரத்தில் 'துபாஷி எங்கே?' என்று, அதாவது மொழிபெயர்ப்பவர் எங்கே என்று, எழுதியிருந்தீர்கள்.

ஆனால் பெரிய சண்டை மருத்துவமனைக் காட்சிக்குத்தான். நோயாளிகளாகப் படுத்திருந்த வெள்ளைச் சிப்பாய்களையும் அன்றிரவு புரட்சிக்காரர்கள் சுட்டார்கள். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களின் 69-ஆம் படைப்பிரிவில் மட்டும் நூற்றுக்கு மேல் சாவு. இதைக் காட்டினால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்று மேலே இருந்து சொன்னார்கள். நானும் வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். "அப்படியானால் காலையில் வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து வந்து, அரண்மனையில் ஒளிந்த சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதையும் வெட்டு. ஒன்றை மட்டும் வைத்தால் அது விளம்பரம்" என்றீர்கள். இரண்டும் இருக்கின்றன, ஐயா. சேனலை மாற்றியவர்கள் மாற்றியிருக்கலாம்.

துப்பாக்கி செய்த தச்சருக்கும் திருவிழா வாணக்காரருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. மருந்தைக் கிண்ணியில் கொட்டி, மீதியைக் குழலில் போட்டு, குண்டை இறக்கி, கம்பியால் இடித்து, கல்லைப் பின்னுக்கு இழுத்து... பழகிய சிப்பாய் இதை நிமிஷத்துக்கு மூன்று தடவை செய்வான். எங்கள் ஆட்களுக்கு ஒரு தடவைக்கே முக்கால் நிமிஷம். எடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தடுமாற்றத்தை நான் வெட்ட விடவில்லை. கையில் கம்பியோடு ஒருவன் நிற்கும்போது எதிரி ஓடி வருகிறானே, பயம் அங்கேதான் இருக்கிறது. வாணக்காரரே, புகை அடங்கக் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி வாங்கியிருக்க வேண்டும் நீங்கள்.

கடைசியாக ஆற்காட்டுப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைக்காரம்மா. நிஜக் கோட்டையில் வெடிபோட்டுச் சண்டை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதனால் கோட்டை வாசல் உங்கள் கொல்லையில் எழுந்தது. கில்லெஸ்பியின் ஆட்கள் பீரங்கியால் பிளந்த கதவை நாங்கள் நான்கு டேக்கில் பிளந்தோம். குதிரைகள் மிதித்த இரண்டு பாத்திக்குப் பணம் கொடுத்தபோது, எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தீர்கள். விதைப்புக்குள் மீதிக் கதவைப் பிரித்துக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நேற்று போன் செய்தால், "இருக்கட்டும் சாமி, ஆடு கட்ட நல்லா இருக்குது" என்கிறீர்கள்.

இருக்கட்டும்மா.