மாமாவின் பதக்கங்கள் ஏட்டில் ஏற

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய மாமாவின் டிடி 214 படத்தை, அதாவது அமெரிக்கத் தரைப்படை கொடுத்த விடுவிப்புச் சான்றின் படத்தை, பெரிதாக்கிப் பார்த்தேன். பதக்கங்களுக்கான 24-ஆம் கட்டத்தில் மூன்றே மூன்று சுருக்கங்கள்: என்டிஎஸ்எம் (நேஷனல் டிஃபென்ஸ் சர்வீஸ் மெடல்), விஎஸ்எம் (வியட்நாம் சர்வீஸ் மெடல்), விசிஎம் (வியட்நாம் கேம்பெய்ன் மெடல்). காலாட்படையில் ஒரு வருஷம் வியட்நாமில் இருந்து திரும்பியவருக்கு இது ரொம்பக் குறைவு. உன் மாமனார் மனம் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யாரோ வேண்டுமென்றே மறைத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தால், அப்படியில்லை என்று நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். விடுவிப்பு நாளில் அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்த எழுத்தரின் மேசையில் என்ன தாள் இருந்ததோ அதுதான் ஏறியது. படைப்பிரிவுக்கான விருது உத்தரவுகள் பல, ஆட்கள் வீடு திரும்பிய பிறகே வெளிவந்தன. ஆஸ்பத்திரியில் போட்ட உத்தரவு கோப்பை வந்து சேராமலே போனதும் உண்டு.

அதனால் ‘விட்டுப்போன பதக்கங்கள்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே. இரண்டாகப் பிரி. அந்த இடத்தில், அந்தத் தேதியில் பணியில் இருந்தாலே சேர்ந்துவிடுபவை ஒரு பக்கம். ஒரு அதிகாரி பரிந்துரைத்து, உத்தரவு போட்டால்தான் உண்டு என்பவை இன்னொரு பக்கம். முதல் வகைக்குத் தேதியும் பிரிவின் பெயரும் போதும். இரண்டாம் வகைக்கு உத்தரவுத் தாளோ, அதற்கு ஈடான அந்தக் காலத்து ஆவணமோ வேண்டும். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலந்து கேட்டால், சுலபமாக முடிய வேண்டியதும் கடினமானதோடு சேர்ந்து கிடப்பில் கிடக்கும்.

எதையும் கேட்பதற்கு முன்னால் முழுக் கோப்பும் கைக்கு வரட்டும். எஸ்எஃப் 180 என்ற படிவத்தை நிரப்பி மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய பணியாளர் ஆவண மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆவணக் காப்பகத்தின் இணையதளம் வழியாகவும் கேட்கலாம். டிடி 214 மட்டும் வேண்டும் என்று குறித்துவிடாதே, அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே. ‘முழுப் பணியாளர் கோப்பும், மருத்துவ ஆவணங்களும்’ என்று தெளிவாக எழுது. மாமாவின் சமூகப் பாதுகாப்பு எண்ணோடு பழைய சர்வீஸ் நம்பரையும் போட வேண்டும். தரைப்படை 1969 ஜூலை 1-ஆம் தேதிதான் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது. அவருடைய 1968-ஆம் வருஷத்து உத்தரவுகள் எல்லாம் சர்வீஸ் நம்பரில்தான் இருக்கும். கையெழுத்தும் தேதியும் அவரே போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் போனால் தாள் அப்படியே திரும்பி வரும். சொந்த ஆவணத்தை அவரே கேட்பதால் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறோம் என்று இணையத்தில் வரும் விளம்பரங்களை நம்பாதே.

1973 ஜூலை 12-இல் அந்த மையத்தில் பிடித்த தீயைப் பற்றி மாமா கேள்விப்பட்டிருப்பார். அவர் கோப்புக்கு அதனால் ஆபத்தில்லை. தரைப்படையில் எரிந்தவை 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகள், அவற்றில் சுமார் 80 சதவீதம். கொரியப் போருக்குப் போய்வந்த அவருடைய அண்ணனுக்குத்தான் அந்தச் சிக்கல் வரும். அவருக்கு என்ஏ 13075 என்ற படிவத்தில் பிரிவு, இடம், மாதம் எல்லாம் எழுதிக் கொடுத்தால் கடைசிச் சம்பளச் சீட்டு, காலை அறிக்கைகள் (பிரிவின் தினசரி ஆள்கணக்கு) போன்றவற்றிலிருந்து கோப்பைத் திரும்பக் கட்டப் பார்ப்பார்கள். கொரிய அரசு கொடுத்த போர்ப் பணிப் பதக்கத்தை அமெரிக்கா ஏற்றுக்கொண்டதே 1999-இல்தான். அது அவருடைய பழைய தாளில் இருக்க வழியே இல்லை. அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மாமாவின் கோப்பு வந்ததும் முதலில் டிஏ 20 என்ற பணிப் பதிவு அட்டையைத் தேடு. கெட்டித் தாளில் மடிப்பு மடிப்பாக இருக்கும். பல கைகள் பல மையில் எழுதியிருக்கும், நகலில் சில இடங்கள் மங்கியும் இருக்கும். விஷயமெல்லாம் அதில்தான் இருக்கிறது. 31-ஆம் கட்டத்தில் வெளிநாட்டுப் பணியின் தேதிகள். 38-இல் எந்த மாதம் எந்தப் பிரிவில், என்ன வேலையில் இருந்தார் என்பதும் நடத்தை, திறமை மதிப்பீடுகளும். 39-இல் போர்க்கட்டங்கள், 40-இல் காயங்கள், 41-இல் பதக்கங்கள். 41-ஆம் கட்டத்தில் இருக்கும், ஆனால் 214-இல் இல்லாத பதக்கம் ஏதாவது கண்ணில் பட்டால், அதுதான் உனக்கு எளிதான வேலை. கோப்புக்குள் இருக்கும் உத்தரவுத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டு. ஒரே உத்தரவில் முப்பது நாற்பது பெயர்கள் நெருக்கி அடித்திருப்பார்கள். பெயரை மட்டும் பார்த்து விட்டுவிடாமல் சர்வீஸ் நம்பரையும் ஒத்துப்பார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சகஜம்.

இப்போது நட்சத்திரங்களுக்கு வருவோம். வியட்நாம் சர்வீஸ் மெடல் மாமாவுக்கு ஏறியிருக்கிறது, ஆனால் வெறும் மெடலாக. அவர் இருந்த காலத்தில் நடந்த ஒவ்வொரு போர்க்கட்டத்துக்கும் அந்த ரிப்பனில் ஒரு சிறு வெண்கல நட்சத்திரம் சேர வேண்டும். நீ சொன்னபடி அவர் 1968 ஜனவரி 10-இல் இறங்கி 1969 ஜனவரி 8-இல் கிளம்பினார் என்றால் கணக்கு இப்படி வரும். எதிர்த்தாக்குதல் மூன்றாம் கட்டம் 1968 ஜனவரி 29-இல் முடிகிறது, அதில் கடைசி இருபது நாள் அவர் இருந்திருக்கிறார். மறுநாளே டெட் எதிர்த்தாக்குதல் தொடங்கி ஏப்ரல் 1 வரை போகிறது. நான்காம் கட்டம் ஏப்ரல் 2 முதல் ஜூன் 30 வரை. ஐந்தாம் கட்டம் ஜூலை 1 முதல் நவம்பர் 1 வரை. ஆறாம் கட்டம் நவம்பர் 2-இல் தொடங்குகிறது, அவர் கிளம்பும்போதும் அது முடியவில்லை. ஆக மொத்தம் ஐந்து. ஐந்து வெண்கல நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளி நட்சத்திரம் வைப்பதுதான் விதி. இதை விண்ணப்பத்தில் ‘வியட்நாம் சர்வீஸ் மெடல், ஒரு வெள்ளி சர்வீஸ் நட்சத்திரத்துடன்’ என்றே எழுத வேண்டும். ‘சில்வர் ஸ்டார்’ என்று சுருக்கிவிட்டால் அது போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த தனிப் பதக்கங்களில் ஒன்றைக் கேட்பதாகிவிடும். இந்தச் சொல் குழப்பத்தாலேயே நியாயமான விண்ணப்பங்கள் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

அடுத்தது வியட்நாம் குடியரசின் கேலன்ட்ரி கிராஸ், பனையோலைச் சின்னத்தோடு வரும் பிரிவு விருது. வியட்நாமில் பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகளுக்குப் பொதுவாக இதை வழங்கி உத்தரவு வந்தது 1974-இல், பொது உத்தரவு எண் 8. மாமா விடுவிக்கப்பட்டபோது அந்த உத்தரவே பிறக்கவில்லை, எழுத்தர் எப்படி ஏற்றுவார்? இது தவிர அவருடைய பட்டாலியனுக்குத் தனியாக விருது கிடைத்ததா என்பதை தரைப்படையின் 672-3 என்ற கையேட்டில் பார். வியட்நாமில் எந்தப் பிரிவுக்கு எந்தத் தேதியில் என்ன விருது என்பது பட்டியலாகவே இருக்கிறது. பார்க்கும்போது பிரிவின் பெயரோடு நின்றுவிடாதே, கம்பெனி வரைக்கும் பார். விருதுக்குரிய தேதிகளில் மாமா அந்தப் பிரிவில்தான் இருந்தார் என்பதை டிஏ 20-இன் 38-ஆம் கட்டம் காட்ட வேண்டும். நடுவில் வேறு பட்டாலியனுக்கு மாறியிருந்தால் கணக்கும் மாறும்.

குட் காண்டக்ட் மெடல் என்ற நன்னடத்தைப் பதக்கம் பலருக்கும் விட்டுப்போவது. சாதாரணமாக மூன்று வருஷப் பணிக்கு உரியது. ஆனால் முதல் பணிக்காலம் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, மூன்றுக்குள் முடிந்து விடுவிக்கப்பட்டவருக்கும் உண்டு. 38-ஆம் கட்டத்தில் நடத்தை, திறமை இரண்டும் முழுக்க ‘எக்ஸலன்ட்’ என்று இருக்க வேண்டும். ‘தெரியவில்லை’ என்று குறித்திருந்தால் பயப்படாதே, அது தடையாகாது. ராணுவ நீதிமன்றத் தண்டனையும் கூடாது, இவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று தளபதி எழுதிவைத்த தாளும் கோப்பில் இருக்கக் கூடாது. இது தானாகச் சேர்வதில்லை, உத்தரவு வேண்டும். ஆனாலும் ஏடு சுத்தமாக இருந்தால் கேட்க வலுவான காரணம் இருக்கிறது.

காலாட்படைப் போர் பேட்ஜுக்கு மூன்றும் ஒருசேர அமைய வேண்டும். வேலைக்குறி 11பி போன்ற காலாட்படைக் குறியாக இருக்க வேண்டும், பிரிகேட் அல்லது அதற்குச் சிறிய காலாட்படைப் பிரிவில் இருந்திருக்க வேண்டும், அந்தப் பிரிவு நேரடித் தரைச்சண்டையில் இருந்தபோது அவரும் அங்கே இருந்திருக்க வேண்டும். வியட்நாமில் இருந்தார், சுடப்பட்டார் என்பது மட்டும் போதாது.

எதிரியால் காயம்பட்டவருக்கு உரிய பர்பிள் ஹார்ட் பதக்கத்தில்தான் நீ பொறுமையாக இருக்க வேண்டும். மாமாவின் முன்கையில் இருக்கும் தழும்பைப் பார்த்த உனக்கு இதில் சந்தேகமே இருக்காது. ஆனால் ஆவணத் திருத்த வாரியத்துக்குத் தழும்பு சாட்சியாகாது. எதிரியின் செயலால் காயம், மருத்துவப் பணியாளர் கையால் சிகிச்சை, அந்தச் சிகிச்சை அன்றைய அதிகாரப்பூர்வப் பதிவில் ஏறியிருப்பது என்று மூன்றையும் காட்ட வேண்டும். விடுவிப்பு மருத்துவப் பரிசோதனையான எஸ்எஃப் 88-இல் ‘இடது முன்கையில் தழும்பு’ என்று மட்டும் இருந்தால் காரணம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ‘எறிகணைச் சில்லு’ என்றும் தேதியும் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரித் தாளில் இருந்தால் நிலைமையே வேறு. மாமா எப்போதோ ஊனமுற்றோர் உதவிக்கு முன்னாள் படைவீரர் துறையில் மனுப் போட்டிருந்தால், அவருடைய ராணுவ மருத்துவத் தாள்கள் செயின்ட் லூயிஸை விட்டு அந்தத் துறைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் அங்கேயும் அவருடைய மனுக் கோப்பின் முழு நகலைக் கேள். அவருடைய அம்மா பெட்டியில் 1968-இல் வந்த தந்தி இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டுப் பார். காயம்பட்ட செய்தியைச் சொல்லும் தந்தி, ஐம்பது வருஷம் கழித்து நண்பர் எழுதித் தரும் கடிதத்தைவிட எடை கூடியது. நண்பர் கடிதமும் வேண்டாம் என்றில்லை. ஆனால் அவர் அதே கம்பெனியில் அதே நாளில் இருந்தார் என்பதற்கு அவருடைய டிடி 214-ஐயும் சேர்த்து வை. தான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும், சத்தியப் பிரமாணத்தோடு.

கோப்பில் இல்லாத உத்தரவுகள் மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கலாம். வியட்நாம் காலத்துப் பிரிவு ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. கேட்கும்போது டிவிஷன் பெயரும் மாதமும் சொன்னால்தான் தேடுவார்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு முதலில் முதல் வகையை அனுப்பு. தேதியை வைத்தே தீர்வாகும் விஷயங்களை வாரியம் வரை கொண்டுபோகத் தேவையில்லை, கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள தரைப்படை மனிதவளப் பிரிவே கோப்பைப் பார்த்துத் திருத்த முடியும். அங்கே மறுத்தால், அல்லது அவர்கள் கை மீறியது என்றால், டிடி 149 படிவத்தில் ராணுவ ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். டிடி 293 வேறு விஷயம், அது விடுவிப்பின் தன்மையை மாற்றக் கேட்பது. எண்ணைப் பார்த்து எடு.

149-இல் பலரும் வழுக்கி விழும் இடம் கால வரம்பு. தவற்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்பது சட்டம். நியாயத்தின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம், ஆனால் ஏன் தளர்த்த வேண்டும் என்று நீ எழுத வேண்டும். கோப்பு கைக்கு வந்த தேதியையும், அன்றுதான் 41-ஆம் கட்டத்தைப் பார்த்தார் என்பதையும் உள்ளபடியே எழுது. அந்த இடத்தைக் காலியாக விடாதே. கோரிக்கையை ஒரு பக்கத்துக்குள் முடி. ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒரு பத்தி, அதில் எந்த இணைப்பின் எந்தக் கட்டம் சாட்சி என்பது. மாமா பட்ட கஷ்டத்தையெல்லாம் எழுத உன் கை துடிக்கும், அதை வேறு தாளில் எழுதி வீட்டில் வை, பேரப் பிள்ளைகள் படிக்கட்டும். மூலத் தாள் ஒன்றைக்கூட அனுப்பிவிடாதே, நகல் போதும்.

அந்தக் காலத்தில் யாருமே பரிந்துரைக்காத வீரப் பதக்கம் என்றால் அது வேறு வழி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் வழியாக, அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 10-இன் 1130-ஆம் பிரிவின் கீழ், நேரில் அறிந்த அதிகாரியின் பரிந்துரையோடு போக வேண்டும். மாமா அப்படி எதையும் கேட்கவில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். வியட்நாம் போர் ஐம்பதாம் ஆண்டு நினைவாகக் கொடுத்த சட்டை ஊசி பதக்கமல்ல, அதைப் பட்டியலில் சேர்க்காதே.

வாரியம் பத்து மாதத்துக்குள் பத்தில் ஒன்பது மனுக்களை முடிக்க வேண்டும், எதுவும் பதினெட்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இதை மாமாவிடம் இப்போதே சொல்லிவிடு, தினமும் தபால் பெட்டியைப் பார்த்து ஏங்க வேண்டாம். மறுத்து வந்தால் காரணத்தை வரி வரியாக எழுதியிருப்பார்கள், என்ன தாள் குறைகிறது என்பது அதிலேயே தெரியும். புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.

திருத்தம் வந்தால் அது டிடி 215 என்ற தனித் தாளாகத்தான் வரும், 214-ஐப் புதிதாக அடித்துத் தர மாட்டார்கள். இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். 214-ஐ முன்பு கவுண்டி அலுவலகத்தில் பதிந்திருந்தால் 215-ஐயும் பதிந்துவிடு. பதக்கங்கள் தனிப் பார்சலாக வரும்.

இந்த வாரம் எஸ்எஃப் 180-இல் மாமாவின் கையெழுத்தை மட்டும் வாங்கு. கோப்பு வந்ததும் டிஏ 20-இன் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. 38-ஆம் கட்டத்தை நாம் இருவரும் போனில் சேர்ந்து படிப்போம்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
அப்பா