ஷீல்டு வாங்குற காசுக்கு புள்ளைங்கள புத்தகக் கடைக்கு அனுப்புங்க: மதுரை ஸ்கூல், காலேஜ் பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் ஸ்கூல், காலேஜ் நடத்துற தாளாளர்கள், முதல்வர்கள், எச்.எம். சார்மார், டீச்சர்மார், முக்கியமா அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல உக்காந்திருக்கவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் மாசி வீதியில இருந்து பிரியுற ஒரு சந்துல புத்தகக் கடை வச்சிருக்கேன். ஒத்த ஷட்டர், பத்துக்குப் பதினாலு. கைடு, நோட்ஸ், கொஸ்டின் பேங்க் எதுவும் விக்கிறதில்ல, கதை கவிதை கட்டுரை வரலாறு, சின்னப் புள்ளைங்க புக்கு, அவ்ளோதான். கைடு விக்காம எப்படிப்பா கடை ஓடுதுன்னு பாக்குறவங்கல்லாம் கேக்குறாங்க. ஓடல சார், நடக்குது, அப்பப்ப மூச்சு வாங்க உக்காந்துக்குது.

விஷயம் ஆண்டு விழாவப் பத்தி. ஜனவரி பொங்கல் முடிஞ்சதும் எங்க பக்கத்துத் தெரு ஷீல்டு கடையில இருந்து டிவிஎஸ் 50ல அட்டப்பெட்டி அட்டப்பெட்டியா போகும், மார்ச் வரைக்கும் நிக்காது. ஒரு ஷீல்டு நூத்தம்பதுல இருந்து முன்னூறு வரைக்கும் வருது. புள்ள மேடையில வாங்குது, போட்டோ எடுக்குறாங்க, வீட்டுக்குப் போய் ஷோகேஸ்ல ஏறுது, ரெண்டாவது வருஷம் தங்கக் கலர் உரிஞ்சு உள்ள பிளாஸ்டிக் பல்லக் காட்டுது. எங்க வீட்டு ஷோகேஸ்லயே எம்பொண்ணு வாங்குனது பதினொன்னு நிக்குது, எது எதுக்குக் குடுத்தாங்கன்னு அவளுக்கே தெரியல, ஒண்ணுல மட்டும் லெமன் அண்ட் ஸ்பூன்னு எழுதியிருக்கு.

நாங்க புக்குதான் குடுக்குறோம்னு சில பேரு சொல்லுவீங்க, தெரியும், சந்தோஷம். ஆனா எப்படி வாங்குறீங்கன்னும் கொஞ்சம் சொல்லணும்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காலேஜ்ல இருந்து (பேரு வேணாம், அங்க வேலை பாக்குற ஒரு தம்பி என் கஸ்டமர்) போன் வந்துச்சு, பரிசுக்கு நூறு புக்கு வேணும், எதா இருந்தாலும் பரவால்ல, ஒரே புக்கு நூறு காப்பியா இருந்தா இன்னும் நல்லது, கணக்கு எழுத ஈசின்னாங்க. அப்புறம் மூணு கொட்டேஷன் கேட்டாங்க. நான் ஒண்ணு குடுத்தேன், மிச்ச ரெண்டையும் நீங்களே வேற கடையில வாங்கிக் குடுத்துருங்கன்னுட்டாங்க, சரின்னு போட்டிக் கடைக்காரர் ரெண்டு பேருகிட்ட டீ வாங்கிக் குடுத்து எனக்கு எதிரா நானே கொட்டேஷன் வாங்குனேன். அதுக்கப்புறம் நாப்பது பர்சண்ட் கழிவு. இங்கதான் சார் கொஞ்சம் கணக்குப் பாக்கணும். 200 ரூபா புக்குக்கு பதிப்பகம் எனக்கு முப்பது, ரொம்பப் பழகுனவங்கன்னா முப்பத்தஞ்சு பர்சண்ட் கழிவு தருவாங்க, அதாவது அறுவதுல இருந்து எழுவது ரூபா. அதுலதான் வாடகை, கரண்ட் பில்லு, பார்சல் கூலி, வேலைக்கு இருக்க அக்காவுக்குச் சம்பளம். எழுதுனவருக்கு ராயல்டி பத்து பர்சண்ட், இருவது ரூபா, அதுவும் ஒழுங்கா கணக்குத் தர்ற பதிப்பகமா இருந்தா. உங்களுக்கு நாப்பது பர்சண்ட்னா எம்பது ரூபா நான் விடணும், என் கையில இல்லாத பத்து ரூபாய எங்க இருந்து எடுக்குறது?

சரி, இருவது பர்சண்ட்ல முடிச்சோம். பில்லு கொண்டு போனா அக்கவுண்ட்ஸ்ல ஒரு மேடம், ஜிஎஸ்டி போடாத பில்லு பாஸ் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. மேடம், அச்சடிச்ச புக்குக்கு ஜிஎஸ்டி கெடையாதுன்னேன். அது எப்படி இல்லாம இருக்கும், கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டத்த நிரப்பாம அடுத்த பக்கத்துக்கே போக விட மாட்டேங்குதேன்னு திரையத் திருப்பிக் காட்டுனாங்க, பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க. ரெண்டு பேருமா சேந்து பூஜ்யம் போட்டுப் பாத்தோம், ஏத்துக்கல. 0.00ன்னு போட்டோம், போயிருச்சு. அந்த ரெண்டு முட்டைக்காக மூணு தடவை பஸ் ஏறிருக்கேன். காசு வந்தது ஏழாவது மாசம்.

இத நான் பொலம்புறதுக்காக மட்டும் சொல்லல (கொஞ்சம் பொலம்பலும்தான்). இம்புட்டும் பண்ணி அந்த நூறு புள்ளைங்களுக்கும் போனது ஒரே புக்கு, அதுல ஒரு புள்ள கூட என் கடைய எட்டிப் பாத்ததில்ல, கலர் பேப்பர் சுத்தி ரிப்பன் கட்டி வந்தத எத்தன பேரு பிரிச்சாங்களோ தெரியாது.

இப்ப இன்னொன்னு சொல்றேன். மேலூர் பக்கம் ஒரு ஸ்கூல், அங்க ஒரு டீச்சர், மாசத்துக்கு ஒருக்கா வந்து ரெண்டு புக்கு வாங்கிட்டுப் போறவங்க. போன வருஷம் ஒரு சனிக்கிழமை திடுதிப்புனு பதினாலு புள்ளைங்களோட வந்து நின்னாங்க, எல்லாம் ஆறாவது ஏழாவது எட்டாவது. ஆளுக்கு 150 ரூபா, டீச்சரோட கைக்காசு, என்ன வேணும்னாலும் எடுத்துக்கலாம், நான் எதுவும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு வாசல்ல போய் ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. மொத அஞ்சு நிமிஷம் ஒருத்தரும் அசையல. புக்கத் தொடலாமா அங்கிள்னு ஒருத்தன் கேட்டான், எனக்குத் தொண்டைய என்னமோ பண்ணிருச்சு, தொடுறதுக்குத்தாண்டா வச்சிருக்கேன்னேன். அப்புறம் பாக்கணுமே, கடைய ரெண்டு பண்ணிட்டாங்க. ஒரு பொண்ணு ஒரே அலமாரிக்கு முன்னாடி முக்கா மணி நேரம் நின்னு ஒண்ணொண்ணா மொத பக்கத்த மட்டும் படிச்சுப் படிச்சு வச்சுது. ஒருத்தன் பாம்பு புக்கு வேணும்னான், ஏன்னா அவங்க ஊரு கல்குவாரிப் பள்ளத்துல பாம்பு இருக்காம், எது கடிச்சா சாவோம்னு தெரிஞ்சுக்கணுமாம், நியாயம்தானே. பட்ஜெட் 150, புக்கு 180. பக்கத்துல இருந்தவன் 120க்கு எடுத்திருந்தான், மிச்சம் முப்பதக் குடுத்துட்டு நீ படிச்சிட்டு எனக்குத் தாடான்னு அக்ரிமெண்ட் போட்டுக்கிட்டாங்க.

அன்னைக்கு கடையில உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு எழுத்தாளர் வந்து உக்காந்திருந்தாரு, மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை வருவாரு, மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு, கண்மாய்களப் பத்தியும் அங்க வர்ற பறவைகளப் பத்தியும் எழுதுறவரு. அவரு புக்கயே ஒரு பையன் எடுத்துப் புரட்டிட்டு இருந்தான், இத எழுதுனது அந்தா அந்தத் தாத்தாதாண்டான்னு நான் காட்டுனேன். அவன் நம்பல. பின்னட்டைப் போட்டோவையும் அவரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, கிட்ட போய் நேரா, தாத்தா, நத்தைகுத்தி நாரை மழை பெஞ்சு கண்மாய் ரொம்புனதும் வரும்னு போட்டிருக்கீங்க, எங்க கண்மாய்ல தண்ணி வத்தும்போதுதான் நெறைய வரும், அப்பத்தான சேத்துல நத்தை வெளிய தெரியும்னான். அவரு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. சட்டப்பையில இருந்து பஸ் டிக்கெட்ட எடுத்து அது பின்னாடி குறிச்சுக்கிட்டாரு, எந்தக் கண்மாய், எந்த மாசம்னு கேட்டு கேட்டு. அடுத்த பதிப்புல மாத்துறேன்னு சொன்னாரு. அந்தப் பய போகும்போது நடந்த நடையப் பாக்கணுமே, சங்கப் புலவர் கணக்கா!

பதினாலுல ஒம்போது பேரு திரும்ப வந்திருக்காங்க சார். அப்பா கூட, பெரியம்மா கூட, மாட்டுத்தாவணியில எறங்கி ரெண்டாவது பஸ் புடிச்சு வர்றாங்க. நூறு காப்பி ஆர்டர்ல நடக்காதது இதுல நடந்துருக்கு.

எழுத்தாளர்கள நீங்க நடத்துறதப் பத்தியும் ஒரு வார்த்தை. தப்பா எடுத்துக்காதீங்க. தமிழ் மன்ற விழான்னு கூப்புடுறீங்க, காலையில பத்து மணிக்கு வரச் சொல்லி பன்னெண்டே காலுக்கு மைக் குடுக்குறீங்க, பொன்னாடை போத்துறீங்க, நினைவுப் பரிசுன்னு இன்னொரு ஷீல்டு, அவரு கையில இருந்து போறது பஸ் சார்ஜும் ஒரு நாளும். பொன்னாடைக்குப் பதிலா புத்தகம் குடுங்கன்னு அரசியல் மேடையிலயே சொல்ல ஆரம்பிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் சொன்ன அந்த உசிலம்பட்டிக்காரர் வீட்டு பீரோவுல எழுவது பொன்னாடைக்கு மேல இருக்கு, அவங்க வீட்டம்மா அதுல தலகாணி உறை தச்சுட்டாங்க, சரிகை குத்துதுன்னு பேரப்புள்ளைக படுக்க மாட்டேங்குதுகளாம். அவரப் பேசக் கூப்புட்ட ஒரு இடத்துல கூட அவரு புக்கு ஒண்ணு வாங்கி முன்னாடியே படிச்சிட்டு வாங்கடான்னு புள்ளைங்களுக்குச் சொன்னதில்லையாம். இந்தா இருக்க வத்தலக்குண்டுல வளந்தவருதான் சி.சு. செல்லப்பா, 1959ல எழுத்துன்னு பத்திரிகை ஆரம்பிச்சு நடத்துனவரு, தான் போட்ட புக்கத் தானே மூட்டையாத் தூக்கிட்டுக் காலேஜ் காலேஜா ஏறி எறங்குனாரு. அன்னைக்கு அவரு அலைஞ்சாரு, இன்னைக்கு இவங்க அலையிறாங்க, காலேஜ் கேட்டு மட்டும் பெருசாயிருச்சு.

ஒரு புக்கு கெடைக்கலன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்ச ஊரு சார் இது. பாலவநத்தம் ஜமீன்தாரு பாண்டித்துரைத் தேவர் மதுரைக்குப் பேச வந்த எடத்துல திருக்குறளும் கம்பராமாயணமும் வேணும்னு கேட்டு, ஊரெல்லாம் தேடியும் கெடைக்கல, மதுரையிலயே இல்லையான்னு மனசு ஒடிஞ்சுதான் 1901ல நாலாம் தமிழ்ச் சங்கத்த ஆரம்பிச்சாருன்னு சொல்லுவாங்க, கூடவே பாண்டியன் புத்தகசாலைன்னு ஒரு லைப்ரரியும். உங்க விழா மேடையில இந்தக் கதைய வருஷா வருஷம் யாராவது பேசுறாங்க, கைதட்டும் கெடைக்குது. எங்கப்பா காலத்துல சித்திரைத் திருவிழாவுக்கு வர்ற கிராமத்து ஆளுக மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்க புதுமண்டபத்துக் கடைகள்ல பெரிய எழுத்துக் கதைப் புக்கு வாங்கித் துண்டுல முடிஞ்சுக்கிட்டுப் போவாங்களாம், வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரு வாசிக்க தெருவே உக்காந்து கேக்குமாம். இப்ப அந்தக் கடைக எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிருச்சு, மண்டபத்துக்கு நல்லதுதான், ஆனா அந்த வழியாப் போகும்போது கால் ஒரு செகண்ட் நிக்கத்தான் செய்யுது.

ஊருல லைப்ரரி இருக்கேம்பீங்க. இருக்கட்டும், இன்னும் நூறு வரட்டும், நாம சொத்து வரியோட பத்து பர்சண்ட் நூலக வரியும் சேத்துத்தானே கட்டுறோம். 2023 ஜூலைல புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகம் தொறந்தப்ப இனி உன் கடை அவ்ளோதான்னு ரெண்டு பேரு துக்கம் விசாரிச்சாங்க. நடந்தது என்னன்னா, அங்க போய்ப் பாத்துட்டு அதே புக்கு எனக்கே எனக்குன்னு வேணும்னு புள்ளைங்க இங்க வருதுக. ஆன்லைன்ல கம்மியாக் கெடைக்கும்பீங்க, சில புக்கு கெடைக்கும், இல்லைங்கல. ஆனா அந்தப் பயலுக்கு ஆன்லைன்ல தாத்தா உக்காந்திருக்க மாட்டாரு.

எங்களுக்கும் சுத்தி அடிதான். வெளியூர்க்காரங்களுக்கு ரிஜிஸ்டர்ட் புக் போஸ்ட்ல அனுப்பிட்டு இருந்தோம், 2024 டிசம்பர்ல அத நிறுத்திட்டாங்க, நாலு மாசம் 150 ரூபா புக்குக்கு கூரியர் எம்பதுன்னு சொல்லி சொல்லி ஆர்டர் போச்சு. 2025 மே மாசம் தபால்துறையில புக்கு அனுப்ப ஞான் போஸ்ட்னு ஒண்ணு வந்துச்சு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, அஞ்சு கிலோவுக்கு 100 ரூபா, அதுக்கப்புறம்தான் கொஞ்சம் மூச்சு வந்துருக்கு. இத ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, சோழவந்தான், பேரையூர், எழுமலைன்னு தள்ளி இருக்க ஸ்கூலுக்கும் இப்ப நூறு ரூபாயில ஒரு கட்டு புக்கு வந்து சேந்துரும், தூரம்னு சாக்கு சொல்ல முடியாது.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஷீல்டுக்கு ஒதுக்குற காசுல பாதியக் கூப்பனாக் குடுங்க, நூத்தம்பதோ இருநூறோ, ஸ்கூல் முத்திரை குத்துன ஒரு துண்டுச் சீட்டு போதும். என் கடைக்கே வரணும்னு இல்ல, டவுன்லயும் திருமங்கலத்துலயும் மேலூர்லயும் எந்தக் கடை பக்கமோ அங்க அனுப்புங்க, எடுக்குறது அதுங்க இஷ்டம்னு விட்ருங்க, திருக்குறள் உரை எடுக்கலன்னு கோவப்படாதீங்க, பேய்க் கதை எடுத்தாலும் பில்லு ஒண்ணுதான். வேன் பெட்ரோலுக்கு யோசிச்சீங்கன்னா ஒரு கிளாஸா அனுப்புங்க, பதினஞ்சு பேருக்கு மேல என் கடைக்குள்ள நிக்கவும் முடியாது. எழுத்தாளரக் கூப்புட்டா வர்ற செலவக் குடுங்க, பொன்னாடை வேணாம், அவரு புக்குல பத்து காப்பி வாங்கி முன்னாடியே கிளாஸ்ல சுத்த விடுங்க, கேள்வி கேக்க நாலு புள்ளையாவது இருக்கும். காச ஏழு மாசம் இழுக்காம ஒரு மாசத்துல குடுத்துருங்க. ஜிஎஸ்டி கட்டத்துல 0.00ன்னு போடணும், மறந்துறாதீங்க.

ஆண்டு விழா ஜனவரின்னா டிசம்பர் மொத வாரமே சொல்லிருங்க, சென்னையில இருந்து கட்டு வர பத்து நாளாவது ஆகும். ஞாயித்துக்கிழமை காலையிலயும் கடை தொறந்துதான் இருக்கும். ஷீல்டு கடைக்காரர் என் சேக்காளிதான், அவருக்கும் பேரப்புள்ளைக இருக்கு, நான் பேசிக்கிறேன்.