பெற்றோர் மட்டும் வைத்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைக்குப் பெயர் வைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயர் பெற்றோர் இருவரின் விஷயமாம். உறவுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் போதுமாம். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்றும் எழுதியிருக்கலாம்.

எனக்குப் பெயர் வைத்தது பெற்றோர் இருவர் மட்டும்தான். நான் நான்காவது பெண். அத்தை 'தமிழ்ச்செல்வி' என்று சொல்லிப் பார்த்தாராம். "என் பிள்ளைக்கு நான் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா போதும்பொண்ணு என்று வைத்தார். அடுத்து தம்பி பிறந்தான். பெயர் பலித்துவிட்டது என்று அன்றைக்கு மட்டும் என்னைத் தூக்கிக் கொஞ்சினார்களாம். அவனுக்குத் தாத்தா, மாமா, ஜோசியர் எல்லோரும் கூடி மூன்று பெயர்கள். பள்ளிக்கூடத்தில் என் முறை வருவதற்கு முன்பே பின் பெஞ்சிலிருந்து "போதும் சார்" என்று குரல் வரும்.

பெரியவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பெயரன் என்பார்கள். ஆனால் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று, பெற்றவள் அவனை 'தம்பி', 'ராஜா' என்றே கூப்பிட்டுக் காலம் தள்ளுவாள். மேடையில் தலைவர் கையில் குழந்தையைக் கொடுத்துப் பெயர் வாங்கிய நாடு இது. ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெரியார் பெயர் வைத்தது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போதெல்லாம் பெற்றோர் உரிமை எங்கே போயிருந்தது?

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் அன்றைக்கே வேண்டும் என்பதில்லை. 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை. இத்தனை அவகாசம் இருந்தும் பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு, பெயர் இடம் காலியாக இருக்கும் சான்றிதழை நீட்டுவார்கள். ஏன் என்று கேட்டால், "அப்போது எங்களுக்குள் ஒத்துவரவில்லை மேடம்" என்பார்கள். அந்த இருவருக்குள்தான்! நடுவே ஒரு அத்தை இருந்திருந்தால் ஒரு பெயராவது மிஞ்சியிருக்கும். ஒருவர் கவுன்டரில் நின்றபடியே எண்கணிதக்காரருக்குப் போன் போட்டு, ஆங்கிலத்தில் இன்னொரு 'எச்' சேர்க்கலாமா என்று கேட்டார். பின்னால் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுப் பெரியவர் சொன்னால் தலையீடு, காசு வாங்கிக்கொண்டு சொன்னால் ஆலோசனை போலிருக்கிறது. உங்கள் இதழிலும்தான் மாதாமாதம் அந்த விளம்பரம் வருகிறது.

போன தை மாதம் தம்பியின் பேத்திக்குத் தொட்டில் போட்டார்கள். குழந்தையின் அப்பாவுக்குக் கூடப் பிறந்தவள் இல்லாததால் காதில் பெயர் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் வெவ்வேறாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் முந்தின நாளே கைப்பேசியில் ஊருக்கெல்லாம் போய்விட்டது என்று பந்தியில்தான் தெரிந்தது. நான் பெயர் வைக்கக் கேட்கவில்லை ஐயா. "அத்தை, இது எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். அந்த 12 மாத விவரத்தை ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள், நாலு பேருக்கு உதவும். அப்புறம், குடிநீர்க் குழாய் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்தில், அச்சுப்பிழை என்று நினைத்தீர்களோ என்னவோ, என் பெயரைப் 'பொன்னி' என்று திருத்திப் போட்டிருந்தீர்கள். அப்பா, அம்மாவுக்கு அடுத்து என்னைக் கேட்காமல் எனக்குப் பெயர் வைத்தது நீங்கள்தான். இந்த முறை கீழே உள்ளபடியே போடவும்.

போதும்பொண்ணு,
மன்னார்குடி